வாயிலில் காத்து நின்ற இரண்டு மணி நேரம்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத் தொழிலாளர் சட்டத்தில் எந்தத் தலைப்பை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆலை மூடல், ஆட்குறைப்பு, ஒப்பந்த முறை பற்றியெல்லாம் இதே மேடையில் என் மூத்தவர்கள் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது பார்வைக்குச் சிறியது. வேலை போகவில்லை, ஆனால் குறைந்துவிட்டது. ஆறு நாள் வேலை நான்கு நாளாகிறது. எட்டு மணி நேரம் நான்கு மணி நேரமாகிறது. பெயர் மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, கூலி கைக்கு வரவில்லை. இந்த நிலையில் ஒருவர் எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், ஏன் பெரும்பாலோர் கேட்பதே இல்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

இது எனக்கு நூலகத்தில் கிடைத்த தலைப்பல்ல. என் தகப்பனார் கோவையில் ஒரு நூற்பாலையில் வேலை செய்தவர். எழுபதுகளின் மின்வெட்டுக் காலம். காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஆறேகாலுக்கே சைக்கிளில் கிளம்பிவிடுவார். சில நாள் ஒன்பதரை மணிக்கெல்லாம் திரும்பி வருவார். ஹேண்டில்பாரில் தூக்குப்போசி அப்படியே தொங்கும். அம்மா அதைத் தூக்கிப் பார்ப்பார். கனமாக இருந்தால் எதுவும் கேட்கமாட்டார். ஆலைக்குக் கட்டிக் கொடுத்த சோறு அன்று மதியம் எங்கள் தட்டுக்கு வரும். இன்னும் சில நாள், "கரண்ட் இல்லீங்க, பதினோரு மணிக்கு மேல வாங்க" என்று டைம் ஆபீசில் சொல்லிவிடுவார்கள். ஐந்து மைல் வந்து போகிற தூரம் என்பதால் அப்பா வீடு திரும்பாமல் வாயிலுக்கு எதிரே உள்ள வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். சங்கத் தோழர் ஒருவர் சொன்னார் என்று, அப்படிப்பட்ட நாட்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்தார்: தேதி, போன நேரம், திரும்பிய நேரம். ஓராண்டில் அப்படிப் பதினேழு அரை நாட்கள். ஆலையின் கணக்கில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. வேலை இல்லாத அந்த நேரத்துக்கு மஸ்டரில் கையெழுத்துப் போட அவரை விடவே இல்லை.

அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் பல ஆண்டுகள் யோசித்து வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான். வேலை குறைந்தவருக்கு ஈடு தர வேண்டும் என்பதை நம் சட்டம் 1953-லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த உரிமை முழுவதையும் "நான் வேலைக்கு வந்து நின்றேன்" என்ற ஒற்றைச் சாட்சியத்தின் மேல் ஏற்றி வைத்துவிட்டது. வந்து நிற்கவே விடாமல் வேலையைக் குறைக்கும் வழி இப்போது வந்திருக்கிறது. ஆகவே உரிமை ஏட்டில் இருந்தும் கைக்கு வருவதில்லை. இதைச் சில கூறுகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. முதலில் சட்டம் எப்படி வந்தது என்பது. நான் சொல்லும் பிரிவு எண்கள் பழைய சட்டத்தவை; அதன் இடத்தில் வந்த புதியதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் லே-ஆஃப் என்ற சொல்லே முதலில் இல்லை. 1953-இல் துணி ஆலைகளில் சரக்கு தேங்கியது. ஆலைகள் ஷிப்டுகளை நிறுத்தத் தொடங்கின. வேலையிலிருந்து நீக்கவில்லை, வேலை கொடுக்கவும் இல்லை என்று ஆயிரக்கணக்கானோர் நடுவில் நின்றார்கள். வி.வி. கிரி அப்போது மத்திய தொழிலாளர் அமைச்சர். அவசரச் சட்டமாக வந்து, பிறகு 1953-இன் 43-ஆம் சட்டமாக நிலைபெற்ற திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 24 முதல் நடப்புக்கு வந்தது.

அந்தத் திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. இரண்டாம் பிரிவில் கே-கே-கே என்ற உட்பிரிவாக லே-ஆஃபுக்கு வரையறை தந்தது: நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் மஸ்டரில் பெயருள்ள தொழிலாளிக்கு வேலை தர முடியாமலோ தர மறுத்தோ விடுவது. இயற்கைச் சீற்றம் பின்னர் சேர்ந்தது. இரண்டாவதாக 25-சி பிரிவு, லே-ஆஃப் நாளுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதியை முதலாளி தர வேண்டும் என்றது. தொடர்ச்சியாக விட்டாலும் சரி, விட்டுவிட்டு விட்டாலும் சரி. "விட்டுவிட்டு" என்ற அந்தச் சொல்லை மாணவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் வேலை குறைகிறவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பதற்கு அந்த ஒரு சொல் போதும்.

2. இனி அரை நாள் கணக்கு. நம் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் வரிகள் லே-ஆஃப் வரையறையின் விளக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்களே அதிகம்.

குறித்த நேரத்துக்கு வந்து நின்ற தொழிலாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால் அன்றைக்கு அவர் லே-ஆஃபில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். முதலாளி எழுத்தில் அறிவித்தாரா, வாயால் சொன்னாரா என்பதெல்லாம் வேண்டாம். இரண்டு மணி நேரம் கழிந்தால் சட்டமே அறிவித்துவிடுகிறது. "ஷிப்டின் பிற்பாதியில் வா" என்று சொல்லி, அப்போது வேலை கொடுத்தால், அது அரை நாள் லே-ஆஃப். பிற்பாதியிலும் வந்து நின்று, அப்போதும் வேலை இல்லை என்றால், அந்தப் பிற்பாதிக்கு முழுச் சம்பளமும் பஞ்சப்படியும் தர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 500 ரூபாய் என்று வையுங்கள். காலையில் வந்து, வேலை இல்லை என்று திரும்பினால் 250 ரூபாய். பிற்பாதியில் வேலை கிடைத்தால், முற்பாதிக்கு லே-ஆஃப் 125, பிற்பாதிக் கூலி 250, ஆக 375. பிற்பாதிக்கும் வந்து காத்து நின்று வேலை கிடைக்காமல் போனால்? முற்பாதிக்கு 125, பிற்பாதிக்கு முழுத் தொகை 250, ஆக அதே 375. வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதலாளி தர வேண்டிய தொகை ஒன்றே. இரண்டாம் முறை காக்க வைத்த நேரம் அவர் பொறுப்பு. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரின் பொறுப்பல்ல.

இந்த வரைவை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாவிட்டாலும், ஆலை வாயிலை நேரில் பார்த்த ஒருவர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும் என்றே நம்புகிறேன். என் தகப்பனாரின் பதினேழு அரை நாட்களில் பதினோரு நாள் பிற்பாதியில் வேலை கிடைத்திருக்கிறது; ஆறு நாள் அதுவும் கிடைக்கவில்லை. அந்த ஆறு நாளுக்கும் பிற்பாதிக்கு முழுக்கூலி உரியது என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. அவருக்காகப் பேசியவர்களுக்கும் தெரியவில்லை.

3. லே-ஆஃப் விடுவது முதலாளியின் இயல்பான உரிமை என்றும், சட்டம் அவர் மேல் இழப்பீட்டைச் சுமத்துகிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். 1976-இல் ஃபயர்ஸ்டோன் டயர் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அது டெல்லியில் இருந்த விற்பனைக் கிடங்கு. சுமார் 30 பேர் வேலை. பம்பாய்த் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்து டயர் வரத்துக் குறைந்ததால் 17 பேரை லே-ஆஃபில் விட்டார்கள். ஐம்பது பேருக்குக் குறைவான இடம் என்பதால் 25-சி பொருந்தாது, ஆகவே எதுவும் தர வேண்டியதில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். நீதிமன்றம் கேட்டது வேறு கேள்வி: லே-ஆஃப் விடும் அதிகாரம் உனக்கு எங்கிருந்து வந்தது? ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அல்லது நிலையாணையில் இருக்க வேண்டும், அல்லது சட்டத்தில் இருக்க வேண்டும். எதிலும் இல்லையென்றால் வேலை தராவிட்டாலும் கூலிப் பொறுப்பு தீராது.

சிறிய இடங்களில் வேலை செய்கிறவர்கள் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். ஐம்பது பேருக்குக் குறைவு என்றால் உங்களுக்கு உரிமையே இல்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். பாதி இழப்பீடு என்ற அந்தப் பிரிவுதான் இல்லை. அதிகாரமில்லாத லே-ஆஃப் என்றால் கேட்க வேண்டியது பாதியல்ல, முழுக்கூலி.

பெரிய ஆலைகள் லே-ஆஃப் விட அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற 25-எம் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நம் பாபநாசத்து வழக்கில். பாபநாசம் லேபர் யூனியனுக்கும் மதுரா கோட்ஸுக்கும் நடந்தது. தாமிரபரணிக் கரையில் விக்கிரமசிங்கபுரத்துத் தொழிலாளர் நடத்திய வழக்கு இந்தியா முழுமைக்கும் சட்டமானது. அந்த ஊர்க்காரர்கள் யாராவது இந்த அவையில் இருந்தால், உங்களுக்கு என் வணக்கத்தைத் தனியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதே 25-எம்-இல் விதிவிலக்கும் உண்டு. மின்தட்டுப்பாட்டாலோ இயற்கைச் சீற்றத்தாலோ லே-ஆஃப் வந்தால் முன் அனுமதி வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு இது சின்ன விதிவிலக்கல்ல. 1932-இல் பைகாரா மின்சாரம் வந்த பிறகு பெருகியவை கோவை ஆலைகள். மின்சாரத்தால் வளர்ந்தவை மின்சாரத்தால் முடங்கின. 2008 முதல் சில ஆண்டுகள் நாம் கண்ட மின்வெட்டில் ஷிப்டு குறைந்த நாட்கள் எத்தனை! அனுமதி வேண்டாம் என்பதால் அரசின் கோப்பில் அவை பதியவில்லை. ஆனால் விதிவிலக்கு அனுமதிக்குத்தான், இழப்பீட்டுக்கு அல்ல. மின்சாரம் இல்லாததால் வேலை இல்லை என்றாலும் பாதித் தொகை உண்டு. இந்த ஒன்றை அன்று யாராவது ஆலை வாயில்களில் உரக்கச் சொல்லியிருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு உதவியிருக்கும்!

4. யாருக்குக் கிடைக்காது? இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டப் புத்தகங்களில் விரிவாக இருக்கிறது. ஓராண்டுத் தொடர் பணி வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். பருவகாலத் தொழில்களுக்கு இல்லை. அருகில் ஐந்து மைலுக்குள் அதே முதலாளியின் வேறு இடத்தில் அதே கூலிக்கு, தனித்திறன் வேண்டாத மாற்று வேலை கொடுத்து மறுத்தால் இல்லை. அதே ஆலையின் இன்னொரு பகுதியில் நடக்கும் வேலைநிறுத்தத்தால் வந்த லே-ஆஃப் என்றால் இல்லை. பதிலித் தொழிலாளிக்கு இல்லை. ஆனால் பதிலியாகவே ஓராண்டைக் கடந்தவர் சட்டத்தின் பார்வையில் பதிலி அல்லர். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டமும் உண்டு: இரண்டாண்டில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். பத்து வருடப் பதிலிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "உனக்கு லே-ஆஃப் கிடையாது" என்று சொல்வது பொய்.

இன்னொரு தவறான நம்பிக்கை 45 நாள் பற்றியது. ஆண்டுக்கு 45 நாளுக்கு மேல் லே-ஆஃப் தொகை கிடையாது என்று சங்கக்காரர்களே சொல்கிறார்கள். அப்படிச் சட்டத்தில் இல்லை. 45 நாளுக்கு மேல் தர வேண்டாம் என்று தொழிலாளியும் முதலாளியும் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் மட்டுமே அந்த வரம்பு. ஒப்பந்தம் இல்லையென்றால் நாற்பத்தாறாம் நாளும் பாதித் தொகை உரியதே. 45 நாள் என்று யாராவது சொன்னால், அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

இந்த விலக்குகளில் ஒன்றைத்தான் நான் தனியாக எடுத்துப் பேச வேண்டும். 25-இ பிரிவு: தினம் ஒரு முறையாவது குறித்த நேரத்தில் வந்து நிற்காதவருக்கு இழப்பீடு இல்லை. இதன் மறுபக்கம் 25-டி: லே-ஆஃப் காலத்திலும் முதலாளி மஸ்டர் வைத்திருக்க வேண்டும், வந்தவர் தம் வருகையைப் பதிய இடம் தர வேண்டும். வந்து நிற்பது தொழிலாளியின் கடமை, பதிய விடுவது முதலாளியின் கடமை. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்பதே வரைந்தவர்களின் எண்ணம்.

5. இப்போது என் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இன்று வாயில் எங்கே இருக்கிறது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அண்மையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி போட்ட சமயம். ஆர்டர் குறைந்தது. முன்பெல்லாம் ஒன்றரை ஷிப்டு என்பது அங்கே வழக்கம். வீட்டு வாடகை, சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த ஒன்றரை ஷிப்டுக் கணக்கில்தான் நிற்கின்றன. அது ஒரு ஷிப்டானது, பிறகு வாரத்தில் நான்கு நாளானது. "எப்படிம்மா சொல்லுவாங்க?" என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துக் காட்டினார். வாட்ஸப் குழுவில் இரவு ஒன்பது நாற்பதுக்கு வந்த குரல் செய்தி. "நாளைக்கு லைன் ஓடாது, யாரும் வர வேண்டாம், நாளன்னிக்குச் சொல்றேன்." பேசியது சூப்பர்வைசர். அதன் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள்.

"அப்பறம் அந்த நாளுக்குக் காசு?" என்றேன். "வேலைக்கே போகலையே சார், எப்படிக் கேக்கறது?" என்றார்.

அவர் கேட்டதுதான் சட்டத்தின் கேள்வியும். வந்து நின்றாயா? நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் காத்தாயா? காக்கவில்லை. மஸ்டரில் கையெழுத்து? இல்லை. ஆகவே லே-ஆஃப் நடக்கவே இல்லை. மறுநாள் அந்தக் கட்டத்தில் விடுப்பு என்றோ வரவில்லை என்றோ குறித்துவிடலாம். 1953-இல் தொழிலாளியைப் பாதுகாக்க வைத்த நிபந்தனை 2025-இல் அவரைக் கைவிடும் நிபந்தனையாகிவிட்டது. என் தகப்பனாரைக் கையெழுத்துப் போட விடவில்லை. அது சட்டமீறல், வழக்குப் போட்டிருக்கலாம். இந்தப் பெண்ணை வரவே விடவில்லை. எந்தச் சட்டமும் மீறப்படாமலே உரிமை போய்விட்டது.

பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், வேலை செய்கிறவர்களுக்கும், பவர் டேபிள் என்னும் சிறு தையற்கூடங்களை வைத்திருப்பவர்களிடம் தைக்கிறவர்களுக்கும் நிலைமை இதைவிட மோசம். பீஸ் ரேட் என்பதாலேயே ஒருவர் தொழிலாளி அல்லாமல் போய்விடமாட்டார். 1961-இல் பிர்திசந்த் சர்மா வழக்கில், பீடி சுற்றுகிறவர்கள் விருப்பமான நேரத்துக்கு வந்து போனாலும் தொழிற்சாலைச் சட்டத்தின்படி தொழிலாளரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் மஸ்டரில் பெயர் இல்லாதவர் எங்கே போய் நிற்பார்?

6. இந்த இழப்பு கூலியோடு முடிவதில்லை. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, ஆகவே அழுத்திச் சொல்கிறேன். லே-ஆஃப் என்று பதிவான நாள் சட்டத்தில் உயிரோடு இருக்கும் நாள். போனஸ் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதை வேலை நாளாகக் கணக்கிட்டது. பணிக்கொடைக்கும், ஆண்டு விடுப்புக்கான 240 நாள் கணக்குக்கும் அது சேர்ந்தது. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் கூலிக்குத் தந்த வரையறையில் லே-ஆஃப் காலத்துக்குத் தரும் தொகையும் அடங்கியிருந்தது. நோய்க்கால உதவித்தொகை பெற ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் மட்டும் வேலை தந்து, மற்ற நாட்களை "வரவில்லை" என்று எழுதினால், அந்தப் பெண் 78 நாளை எட்டமாட்டார். பின்னால் டைபாய்டு வந்து படுத்தால் நோய்க்கால உதவித்தொகை இல்லை. வேலை குறைந்ததால் கூலி போனது ஒரு நாள் கணக்கு. பதிவு இல்லாததால் போனது நோயிலும் முதுமையிலும் தெரியும்.

7. வேறு நாடுகளில் எப்படி? ஒப்பிடுவதற்கு இரண்டே இரண்டை எடுத்துக்கொள்கிறேன். அவை நம்மைவிடச் சிறந்தவை என்பதற்காக அல்ல. வாயிலில் நிற்கச் சொல்லாத வழி உண்டு என்பதைக் காட்டுவதற்காக.

ஜெர்மனியில் குறுவேலை உதவித்தொகை என்ற ஏற்பாடு நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. வேலை நேரம் குறையும்போது முதலாளிதான் வேலைவாய்ப்புத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். இழந்த நிகரக் கூலியில் 60 விழுக்காடு, குழந்தை உள்ளவருக்கு 67 விழுக்காடு, காப்பீட்டு நிதியிலிருந்து வரும். கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், ஏறத்தாழ 60 லட்சம் பேர் அந்த உதவியில் இருந்தார்கள். அவர்கள் யாரும் வேலை இழந்தவர்கள் அல்லர், நேரம் இழந்தவர்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலும் தொழிலாளியே கேட்க வேண்டும். பகுதி வேலையின்மை உதவி அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 2021 வரை ஒரு விசித்திரமான விதி: வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் அந்த வார உதவியில் கால்வாசி போய்விடும். நான்கு நாள் ஒவ்வொரு மணி நேரம் வேலை செய்தால் முழு உதவியும் போகும். ஆகவே கிடைத்த சிறுவேலையை மறுப்பதே லாபம் என்று ஆனது. அதை மாற்றி, நாளை எண்ணாமல் மணியை எண்ணத் தொடங்கினார்கள். வாரத்துக்கு 10 மணி நேரம் வரை வேலை செய்தால் குறைப்பு இல்லை; 16 வரை கால்வாசி; 21 வரை பாதி; 30 வரை முக்கால்; அதற்கு மேல் உதவி இல்லை. வாரம் தவறாமல் தொழிலாளி இணையத்திலோ தொலைபேசியிலோ எத்தனை மணி வேலை செய்தேன், எவ்வளவு சம்பாதித்தேன் என்று உறுதிமொழி தருவார். அதில் வேலை செய்த வாரத்தைக் குறிக்க வேண்டும், சம்பளம் கைக்கு வந்த வாரத்தை அல்ல. பொய் சொன்னால் தண்டம் உண்டு. ஆனால் அவர் சொல்லை முதலில் ஏற்றுக்கொள்கிறார்கள்; மறுக்க வேண்டுமென்றால் முதலாளி மறுக்க வேண்டும்.

நம்மிடமும் காப்பீட்டு நிதி இருக்கிறது. இ.எஸ்.ஐ.க்கு முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் மாதந்தோறும் கட்டுகிறார்கள். அந்த நிதியிலிருந்து வேலையிழந்தவருக்கு உதவ 2005-இல் ராஜீவ் காந்தி பெயரிலும், 2018-இல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்றும் திட்டங்கள் வந்தன. பின்னதில் 2020 முதல் சராசரித் தினக்கூலியில் 50 விழுக்காடு, 90 நாள் வரை. நல்ல திட்டங்கள்தாம். ஆனால் இரண்டுக்கும் வேலை முழுதாகப் போயிருக்க வேண்டும். பாதி போனவருக்கு அந்தக் கதவு இல்லை. முதலாளி ஆர்டர் இல்லாமல் திணறும்போது இழப்பீட்டின் முழுச்சுமையையும் அவர் தலையில் ஏற்றுவதும் சரியல்ல என்றே நான் நினைக்கிறேன். பொதுநிதி ஒரு பகுதியைத் தாங்கினால், மறைக்க வேண்டிய தேவை அவருக்கும் குறையும்.

8. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறு சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கிறது. முன் அனுமதிக்கான எல்லை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. இது பெரிய இழப்பு. 100-க்கும் 300-க்கும் இடைப்பட்ட ஆலைகள் இனி யாரிடமும் கேட்காமல் லே-ஆஃப் விடலாம். ஆனால் பாதித் தொகை, இரண்டு மணி நேரம், அரை நாள் கணக்கு ஆகியவை அப்படியே தொடர்கின்றன. வந்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும் தொடர்கிறது. எழுபது ஆண்டுக்குப் பிறகு சட்டத்தைப் புதிதாக எழுதியவர்கள் கைப்பேசியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

எழுத வேண்டியது ஒரே வரிதான். வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளியோ அவர் சார்பில் எவரோ எந்த வழியில் தெரிவித்தாலும், அந்த நாளில் தொழிலாளி வந்து நின்றதாகவே கொள்ள வேண்டும். மாநில அரசு தன் விதிகளில் இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை தீர்ப்பாயங்கள் இந்தப் பொருளை ஏற்கவேண்டும் என்று வழக்கறிஞர்கள் வாதிட வேண்டும். "வராதே" என்று சொன்னவரே "ஏன் வரவில்லை" என்று கேட்க இடம் தரக்கூடாது.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, வரச் சொன்ன நேரம், திரும்பிய நேரம், யார் சொன்னார் என்று எழுதச் சொல்லுங்கள். குரல் செய்தியை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். திரையைப் படம் எடுத்து இன்னொரு கைப்பேசிக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் "வர வேண்டாம்" என்ற நாளிலும் இரண்டு பேர் போய் வாயிலில் நின்று, கையெழுத்துக் கேளுங்கள்; மறுத்தால் அதையும் எழுதி வையுங்கள். கட்டைவிரலுக்குப் பதிலாக, "வேலைக்குத் தயாராக இருக்கிறேன், லே-ஆஃப் தொகை தர வேண்டும்" என்று ஒரு வரி பதில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் திருப்பூர்ப் பெண்ணுக்கு இந்த வரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது என்றார். பத்துப் பேர் சேர்ந்து அனுப்பினால் பயம் குறையும். அந்தப் பத்துப் பேரைச் சேர்ப்பது சங்கத்தின் வேலை.

மாணவர்களுக்கும் ஒன்று. லே-ஆஃப் தொகை பாக்கிக்கு அரசிடம் தொழிலாளியே மனுக் கொடுக்கலாம். அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த வேறு எவரும் கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. தொகை உறுதியானால் ஆட்சியர் அதை நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தருவார். உங்கள் சட்டக் கல்லூரிக்குப் பக்கத்தில் எத்தனை ஆலைகள், எத்தனை பனியன் கம்பெனிகள் இருக்கின்றன என்று பாருங்கள். மனுவை எழுதிக் கொடுக்க உங்களால் முடியும். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும்.